ஏறினாரா? ஏறிக்கொண்டிருந்தாரா?

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்து. ஓய்வு பெற்ற தலைமைக் குமாஸ்தா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டியவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் தோல் பட்டறையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். அவருடைய அண்ணன் லோக்கல் ரெயிலில் அடிபட்டு ஒரு காலை இழந்தவர். நஷ்டஈட்டு மனுவுடன் சேர்ப்பதற்காக, கூட இருந்து பார்த்த தம்பி தாமே ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலத்தைக் கொண்டு வந்திருந்தார். அதில் இப்படி ஒரு வரி: "மை பிரதர் போர்டட் தி டிரெயின் அண்ட் ஃபெல் டவுன்."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, அண்ணன் வண்டியில ஏறிட்டாரா?"

"இல்ல அண்ணாச்சி. ஒரு கால் படியில இருந்துச்சு. மத்தக் கால் பிளாட்பாரத்துல. அதுக்குள்ள வண்டி கெளம்பிட்டு."

"அப்ப ஏறிக்கிட்டு இருந்தாருன்னுதான சொல்லணும்? நீ ஏறினாருன்னுல்லா எழுதியிருக்க!"

இளைஞர் விழித்தார். ரெயில்வே போலீஸ் அறிக்கையில் ஏறும்போது விழுந்தார் என்று இருக்கிறது. தம்பியின் தாளிலோ ஏறி முடித்த பின் விழுந்தார் என்று அர்த்தம் வருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ள அது போதாதா?

முடிந்ததும் முடியாததும்

ஆங்கிலத்தில் நடந்து முடிந்த காரியத்துக்கு ஒரு வடிவம், நடந்துகொண்டிருந்த காரியத்துக்கு வேறு வடிவம். "ஹீ போர்டட்" என்றால் ஏறியாயிற்று. "ஹீ வாஸ் போர்டிங்" என்றால் ஏறும் வேலை நடந்துகொண்டிருந்தது. முடிந்ததா இல்லையா என்பதை அந்தச் சொல் சொல்லாது. பெரியவர் வரியை அடித்துத் திருத்தினார்: "ஹீ வாஸ் போர்டிங் வென் தி டிரெயின் ஸ்டார்ட்டட், அண்ட் ஹீ ஃபெல்." ஏறிக்கொண்டிருந்தார், வண்டி கிளம்பியது, விழுந்தார். நீண்டு நடந்த செயலுக்கு "வாஸ்", "இங்". அதைக் குறுக்கே வந்து வெட்டிய செயலுக்குச் சாதாரண இறந்தகாலம்.

ஏறிக்கொண்டிருந்தவருக்கும் நஷ்டஈடு உண்டா? உண்டு. 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு, ரெயிலிலிருந்து தவறி விழும் பயணிக்கு நஷ்டஈடு தரச் சொல்கிறது. ஏற முயன்றபோது விழுந்தவர் ரெயிலிலிருந்து விழுந்தவர் ஆகமாட்டார் என்ற வாதம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2008-ல் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. ஏறும்போது விழுந்தாலும் உள்ளே இருந்து விழுந்தாலும் ஒன்றுதான் என்று கூறிவிட்டது. ஆகவே பொய்யாக "ஏறினார்" என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. மனுவை மட்டும் விபத்து நடந்த ஓராண்டுக்குள் ரெயில்வே நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் கொடுத்துவிட வேண்டும். உயிரிழப்புக்கான தொகை 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம் ரூபாய். காயத்துக்கு அதன் கடுமையைப் பொறுத்துத் தொகை.

அமைப்பு எளிதுதான்

ஐ, ஹீ, ஷீ, இட் என்றால் "வாஸ்". யூ, வீ, தே என்றால் "வேர்". பின்னால் வினைச்சொல்லோடு "இங்". கேள்விக்கு "வாஸ்", "வேர்" முன்னால் வரும். விசாரணையில் "வாட் வேர் யூ டூயிங்?" என்று கேட்டால், "ஐ வாஸ் செக்கிங் தி ரெஜிஸ்டர்" என்று அதே வடிவத்தில் பதில் சொல்ல வேண்டும்.

டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டியவர் இரண்டு விதமாக எழுதலாம். "வென் ஹீ கேம், ஐ சர்ச்ட் ஃபார் மை டிக்கெட்" என்றால் அவர் வந்த பிறகுதான் தேட ஆரம்பித்தார். "ஐ வாஸ் சர்ச்சிங்" என்றால் அவர் வருவதற்கு முன்பே தேடிக்கொண்டிருந்தார். எது நிஜமோ அதை எழுத வேண்டும்.

தமிழர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. பேச்சில் "கிட்டு இருந்தேன்" என்று வருகிற இடத்தில் பெரும்பாலும் "வாஸ்", "இங்" பொருந்திவிடும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், ஐ வாஸ் ஈட்டிங். ஆனால் இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது.

கணக்கு தப்பும் இடங்கள்

"உட்கார்ந்திருந்தார்", "நின்றிருந்தார்" என்ற சொற்களில் கிட்டு கிடையாது. ஆங்கிலத்தில் "வாஸ் சிட்டிங்", "வாஸ் ஸ்டாண்டிங்" என்றே வர வேண்டும். "ஹீ ஸ்டுட் அப்" என்றால் எழுந்தார் என்று ஆகிவிடும். ஃபோர்மேன் உள்ளே வந்தபோது ஒருவர் ஏற்கெனவே நின்றிருந்தாரா, அவரைப் பார்த்ததும் எழுந்தாரா என்பது சில விசாரணைகளில் சிறிய விஷயம் அல்ல. உடுப்பும் அப்படித்தான். "நீலச்சட்டை போட்டிருந்தார்" என்பதற்கு "ஹீ வாஸ் வேரிங் எ புளூ ஷர்ட்". திருடனை அடையாளம் சொல்லப் போகிறவர்கள் "ஹீ புட் ஆன்" என்று எழுதினால், கண்ணெதிரே சட்டை மாட்டினான் என்று ஆகும்!

கிட்டு இருந்தும் "வாஸ்" கூடாத இடங்களும் உண்டு. "1975 முதல் 1980 வரை மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்" என்பதை நம்மவர்கள் மனுக்களில் "ஐ வாஸ் வொர்க்கிங்" என்றே எழுதுகிறார்கள். தொடங்கி முடிந்துபோன காலத்துக்கு "ஐ வொர்க்ட்" போதும். வேறொருவர், 1982 ஜனவரி 18 அன்று மும்பை பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கிய நாளில் தாம் ஆலையில் இருந்ததைச் சொல்ல வேண்டுமானால், "ஐ வாஸ் வொர்க்கிங் இன் தி மில் வென் தி ஸ்டிரைக் பிகேன்" என்பதுதான் சரி. அந்த நாள் அவருடைய வேலைக்காலத்தை நடுவில் வெட்டுகிறது அல்லவா? "முன்பெல்லாம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்" என்ற வழக்கத்துக்கோ "யூஸ்டு டு கம்".

கடைசியாக ஒன்று. "ஐ வாஸ் நோயிங் ஹிம்", "ஐ வாஸ் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்று இந்தியா முழுவதும் பேசுகிறார்கள். மும்பைக் கவிஞர் நிஸிம் எசக்கியல் நம்முடைய இந்த "இங்" மோகத்தை வைத்தே கேலிக் கவிதைகள் எழுதினார். தெரிதல், வேண்டுதல், உடைமை போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். தமிழிலேயே யாரும் "எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருந்தது" என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எதற்கு? "ஐ நியூ ஹிம்" என்றால் முடிந்தது.

இளைஞர் திருத்திய தாளைப் புதிதாக நகல் எடுத்தார். எழுதும்போது ஒரு சந்தேகம்: "அண்ணாச்சி, நான் பக்கத்துல நின்னேன்னு எழுதியிருக்கேன். அது?"

"நீ அண்ணன் ஏறுறதுக்கு முன்னாடியே அங்கதான நின்ன?"

"ஆமா."

"அப்ப 'ஐ வாஸ் ஸ்டாண்டிங்'."

அதையும் மாற்றி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.