பதிப்பு எண் வரையறை (நிரல் நூலகம்)

பதிப்பு எண் வரையறை என்பது ஒரு நிரல் நூலகத்தின் பதிப்பை அதன் மூல நிரலிலேயே குறித்து வைக்கும் முறையாகும். பெரும்பாலான பதிப்பு எண்கள் முதன்மை, துணை, திருத்தம் என மூன்று பகுதிகளைக் கொண்டவை (எ.கா: 1.2.3). சி நிரல்மொழி நூலகங்களில் இவ்வெண் வழமையாகத் தலைப்புக் கோப்பில் ஒரு மேக்ரோவாக எழுதப்படுகிறது.

சரமும் முழு எண்ணும்

ஒரே பதிப்பு எண் மனிதர் படிப்பதற்குச் சரமாகவும், நிரல் ஒப்பிடுவதற்கு முழு எண்ணாகவும் இருமுறை வரையறுக்கப்படுவது உண்டு. சரங்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் 1.10 என்பது 1.9 இற்கு முந்தையதாகிவிடும் என்பதே இதற்குக் காரணம். எஸ்கியூலைட் தரவுத்தள நூலகம் முதன்மை எண்ணைப் பத்து இலட்சத்தாலும் துணை எண்ணை ஆயிரத்தாலும் பெருக்கித் திருத்த எண்ணுடன் கூட்டுகிறது. இதன்படி 3.8.2 என்பது 3008002 ஆகும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒதுக்கும் இடம் போதாவிடின் சிக்கல் எழும். லினக்ஸ் கரு (இது நூலகம் அன்று, எனினும் முறை ஒன்றே) கடைசிப் பகுதிக்கு 8 பிட்டுகளை மட்டுமே ஒதுக்கியிருந்தது. நீண்டகாலம் பராமரிக்கப்பட்ட 4.9 வரிசை 2021 பெப்ரவரியில் 4.9.256 ஐ எட்டியது. பழைய கணக்கின்படி இது 4.10.0 இற்குச் சமம்! ஆகவே 255 ஐத் தாண்டிய எண்களை 255 எனவே கொள்ளுமாறு அந்த மேக்ரோ திருத்தப்பட்டது.

தொகுக்கும்போதும் இயங்கும்போதும்

தலைப்புக் கோப்பிலுள்ள எண், நிரல் தொகுக்கப்பட்டபோது இருந்த நூலகத்தைக் குறிக்கும். இயங்கும்போது இணைக்கப்படும் பகிர்வு நூலகம் வேறு பதிப்பாக இருக்கலாம். இரண்டிலும் தரவுக் கட்டமைப்புகளின் அளவு வேறுபட்டால் நினைவகம் சிதையும். எனவே நல்ல நூலகங்கள் தம் பதிப்பைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றையும் வழங்குகின்றன.

மார்க் ஆட்லர், ழான்-லூப் கயி ஆகியோர் எழுதிய இசட்லிப் சுருக்க நூலகம் இதனைத் தானே சரிபார்க்கிறது. அதன் தொடக்கச் செயற்கூறு உண்மையில் ஒரு மேக்ரோ ஆகும். அது தலைப்புக் கோப்பின் பதிப்புச் சரத்தையும் கட்டமைப்பின் அளவையும் நிரலர் அறியாமலே நூலகத்துக்கு அனுப்பிவிடும். சரத்தின் முதல் எழுத்தோ அளவோ பொருந்தாவிடில், வேலை தொடங்குமுன்னரே பதிப்புப் பிழை திருப்பப்படும். முதல் எழுத்து மட்டுமே ஒப்பிடப்படுவதால், 1.2.3 உடன் தொகுத்த நிரலை 2023இல் வெளியான 1.3 மறுப்பதில்லை.

பாதுகாப்பும் பதிப்பு எண்ணும்

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற வழு வெளிப்பட்டது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகள் இதனால் பாதிக்கப்பட்டன, 1.0.1ஜி பதிப்பில் இது திருத்தப்பட்டது. டெபியன் 7 இயங்குதளமோ புதிய பதிப்புக்கு மாறாமல், திருத்தத்தை மட்டும் தன் 1.0.1இ பதிப்பில் சேர்த்தது. மூல நிரலிலிருந்த எண் மாறவில்லை. பொதியின் எண் மட்டுமே மாறியது. இதனால் வழுவுள்ள நூலகமும் திருத்தப்பட்ட நூலகமும் கேட்டபோது 1.0.1இ என்றே விடையளித்தன.