வீட்டுச் சேமிப்புப் பெட்டியும் எண்ணிப் பார்க்காத இருப்பும்

தணிக்கைக்கு வரும் அதிகாரி, பேரேட்டில் கண்ட ரொக்க இருப்பைப் படித்த மாத்திரத்தில் கையெழுத்திடுவதில்லை. பெட்டியைத் திறக்கச் செய்து, பணத்தை எண்ணிப் பார்த்த பின்னரே ஒப்புக்கொள்கிறார். சங்கங்களில் நெடுநாளாக இருந்துவரும் இந்த நல்வழக்கத்தை, நம் வீட்டுத் தகவல்கள் விஷயத்தில் நாம் அநுசரிப்பதில்லை. அதனால் விளையும் ஆபத்தையும், அதைத் தவிர்க்கும் வழியையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முற்காலத்தில் தகரப் பெட்டியில் பூட்டி வைத்த பட்டா நகல்களும் கடன் பத்திரங்களும் இன்று கணிப்பொறியில் குடியேறிவிட்டன. நெசவாளர் வீட்டில் ஜக்கார்டு டிசைன்கள், விவசாயி வீட்டில் வரவு செலவுக் குறிப்புகள், எல்லார் வீட்டிலும் குடும்பப் படங்கள் என்று அவை பெருகுகின்றன. இவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைப்பதற்கென்றே 'நாஸ்' எனப்படும் சேமிப்புப் பெட்டி விற்கப்படுகிறது. இது ஹார்ட் டிஸ்க்குகளைத் தாங்கிய ஒரு சிறு கணிப்பொறியே. வீட்டு ரௌட்டரோடு இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கணிப்பொறியும் கைப்பேசியும் அதில் எழுதலாம், அதிலிருந்து படிக்கலாம்.

இரண்டு டிஸ்க் உள்ள பெட்டியில், ஒரே தகவலை இரண்டிலும் எழுதும்படி ஏற்பாடு செய்வது வழக்கம். இதற்கு 'ரெய்டு 1' என்று பெயர். பல டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தும் முறைகளுக்கு 'ரெய்டு' என்று பெயரிட்டு விளக்கிய கட்டுரையை, 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்ஸன், காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்டனர். ஒரு டிஸ்க் பழுதுற்றாலும் மற்றது வேலையைத் தொடரும் என்பதே இம்முறையின் நன்மை. ஆயினும் இதைத் தனிப் பிரதி என்று எண்ணிவிடலாகாது. ஒரே குமாஸ்தா இரண்டு பேரேடுகளில் ஏககாலத்தில் எழுதுவதைப் போன்றது இது. அவர் ஒரு வரியைத் தவறாக அடித்துவிட்டால், இரண்டிலும் அடிபட்டுவிடும். பெட்டி தீப்பட்டாலோ களவு போனாலோ இரண்டும் ஒருங்கே போகும்.

இனி, இடத்தை விரிவாக்கும் முறையைப் பார்ப்போம். முதலில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 4 டெராபைட் என்று வாங்கிய டிஸ்க், விண்டோஸ் கணிப்பொறியில் ஏறக்குறைய 3.63 என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கருத வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024 என்ற கணக்கில் அளக்கிறது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்டது போன்ற வித்தியாசமே இது.

இரண்டு 4 டெராபைட் டிஸ்க்குகள் நிறைந்துவிட்டன. 8 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டை வாங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தகவல் முழுவதையும் ஒரு தனி டிஸ்க்கில் பிரதி எடுப்பது முதல் காரியம். பிறகு, பெட்டியின் கையேட்டில் கூறியபடி, பழைய டிஸ்க்குகளில் ஒன்றை மட்டும் அகற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். எஞ்சியுள்ள பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்குத் தகவல் யாவும் எழுதப்படும். வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம் ஆகும்; பெட்டியை இடையில் உபயோகித்தால் இன்னும் நீளும். அவ்வேலை பூர்த்தியாயிற்று என்று பெட்டியே அறிவித்த பின்னரே இரண்டாவது டிஸ்க்கை மாற்ற வேண்டும். இரண்டும் பெரிதான பிறகுதான் கூடுதல் இடம் கிடைக்கும். ஒன்று 8, மற்றொன்று 4 என்றிருக்கும்வரை 4 மட்டுமே பயன்படும்.

இந்த ஒழுங்கை மீறியதன் பலனை நாமே அநுபவித்திருக்கிறோம். ஒரு நாள் மாலை, அவசரத்தில் பழைய டிஸ்க்குகள் இரண்டையும் ஒருசேரக் கழற்றிப் புதியவற்றைச் செருகினோம். புதிதாக அமைக்கலாமா என்று பெட்டி கேட்டது, சம்மதித்தோம். திறந்து பார்த்தால் பெட்டி காலி. நம் தம்பி பத்து ஆண்டுகளாக வரைந்து சேர்த்த சேலைக் கரை டிசைன்கள் ஒன்றுகூட அதில் இல்லை. பதற்றமின்றித் தனிப் பிரதியை எடுத்துப் பார்த்தோம். அதன் கடைசித் தேதி எட்டு மாதத்துக்கு முந்தியது! அந்த டிஸ்க் நிறைந்துபோய்ப் பிரதி எடுப்பது நின்றிருக்கிறது. பெட்டி அனுப்பிய எச்சரிக்கைகளோ, யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் முகவரியில் குவிந்து கிடந்தன. நல்லகாலமாக, பழைய டிஸ்க்குகளில் நாம் கைவைக்கவில்லை. பெட்டியை நிறுத்தி, அவற்றைப் பழைய வரிசைப்படியே பொருத்தியதும் எல்லாம் உயிர்பெற்று வந்தன. அன்று அவற்றைக் கடையில் மாற்றுக்குக் கொடுத்திருந்தால், எட்டு மாத உழைப்பு போயே போயிருக்கும்.

பெரிய இடங்களிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 2017 ஜனவரி 31-ந் தேதி, 'கிட்லேப்' என்ற கணிப்பொறி நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் முக்கியத் தகவல்களைக் கைத்தவறுதலாக அழித்துவிட்டார். ஒழுங்காக நடைபெறுவதாக நம்பியிருந்த பிரதிகள் உண்மையில் எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு பிரதி அவர்களைக் காப்பாற்றியது. 2021 ஜூனில், 'மை புக் லைவ்' என்னும் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் பல நாடுகளில், வெளியார் ஊடுருவலால் ஒரே சமயத்தில் காலியாக்கப்பட்டன. தனிப் பிரதி வைத்திருந்தவர்கள் மட்டுமே நிம்மதியாக இருந்தனர்.

தகவல் காணாமற்போனால் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, பெட்டியில் புதிதாக எதையும் எழுதலாகாது. 'பார்மட்' செய்யலாமா என்று அது கேட்டால் ஒப்புக்கொள்ளலாகாது. அழிந்தது ஒரு கோப்பு மட்டுமானால், பெட்டியின் குப்பைத் தொட்டியிலோ 'ஸ்னாப்ஷாட்' என்னும் முந்தைய நிலைப் பதிவுகளிலோ தேடலாம். பெட்டி பழுதாகி டிஸ்க் நன்றாக இருந்தால், அவ்வகைப் பெட்டி இன்னொன்றிலோ, பல சமயங்களில் லினக்ஸ் கணிப்பொறியிலோ பொருத்திப் படிக்கலாம். டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சப்தம் வந்தால் மின்சாரத்தை உடனே நிறுத்தி, மீட்பு வேலை தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே உத்தமம். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது சேதத்தை அதிகப்படுத்தும்.

இவ்வளவு சிரமமும் நல்ல பிரதி இல்லாதவர்க்கே. அசல் ஒன்றும் பிரதி இரண்டுமாக மூன்று இருக்கட்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். பிரதி எடுத்து முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். இணைத்தே வைத்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல் பிரதியையும் பூட்டிவிடும்.

இவையெல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தமது பிரதியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பை எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்க்க வேண்டும். அதன் தேதியையும் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலைதான். திறந்து பார்க்காத பிரதி எண்ணிப் பார்க்காத ரொக்கத்துக்குச் சமானம்: பேரேட்டில் இருக்கும், பெட்டியில் இருக்கிறதா என்பது தெரியாது. இந்த மாதமே ஒரு கோப்பைத் திறந்து பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.