இடுப்பு டிஸ்க்கில் கால்சியம் படிஞ்சா ஆபரேஷன் கட்டாயமா? என்னென்ன சிகிச்சைகள் இருக்கு?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கால்சிஃபைடு டிஸ்க்' என்று பார்த்ததுமே, "ஜவ்வு கல்லாயிடுச்சு, இனி ஆபரேஷன்தான்" என்று பலரும் பயந்துவிடுகிறார்கள். ஆனால், ஆபரேஷன் தேவையா என்பதைத் தீர்மானிப்பது அந்த வார்த்தை அல்ல. காலுக்குப் போகும் நரம்பின் நிலைதான்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தும்போது, வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிறது. பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இந்தப் பிரச்னை வரும். புதிதாகப் பிதுங்கிய மென்மையான ஜவ்வு, பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடும். நாள்பட்டு கால்சியம் படிந்து இறுகிய ஜவ்வு அப்படிச் சுருங்குவது கஷ்டம். இதற்காகப் பால், தயிரை நிறுத்த வேண்டியதில்லை. சேதமான ஜவ்வில் உடலே படிய வைக்கும் கால்சியம் இது.

அப்போ வலி குறையவே குறையாதா?

குறையலாம். அழுத்தம் மட்டுமல்ல, நரம்பைச் சுற்றியுள்ள அழற்சியும் வலிக்குக் காரணம். அது அடங்கினால், ஜவ்வு அப்படியே இருந்தாலும் வலி தணியும். அதனால் முதல் 6 வாரங்களுக்கு மாத்திரை, பிசியோதெரபி என்றுதான் பொதுவாகத் தொடங்குவார்கள். நாள்கணக்கில் படுத்தே கிடப்பது பலன் தராது. முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும், கால்சியத்தைக் கரைக்காது. லேசரால் ஜவ்வைச் சுருக்கும் முறையும் இறுகிய டிஸ்க்குக்குப் பொதுவாக ஏற்றதல்ல. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் முன் இதை டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஆபரேஷன் எப்போது?

வாரக்கணக்கில் சிகிச்சை எடுத்தும் கால் வலி தாங்க முடியவில்லை, அல்லது காலின் பலம் குறைந்துகொண்டே போகிறது என்றால் மைக்ரோஸ்கோப் அல்லது எண்டோஸ்கோப் உதவியுடன் அழுத்தும் பகுதியை அகற்றுவார்கள். இறுகிய ஜவ்வு நரம்பு உறையோடு ஒட்டியிருக்கலாம். அதை டிரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்க வேண்டிவரும். உறை கிழியும் அபாயமும் சற்று அதிகம். எனவே எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது. நரம்பு அதில் நன்றாகத் தெரியும், கால்சியம் தெளிவாகத் தெரிவது சி.டி. ஸ்கேனில்தான். "சி.டி. எடுத்துப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம்.

சிறுநீர் வராமல் அடைப்பது, கட்டுப்பாடில்லாமல் போவது, பிறப்புறுப்பு மற்றும் ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.