முதல் சம்பளத்துக்கு அடுத்த படி

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கில், மீஞ்சூர் தொடங்கிப் பொன்னேரி, கவரப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை ரயில் பாதையை ஒட்டி அமைந்த ஊர்களில், பிளஸ் டூ முடிக்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காமை பெரிய சிக்கல் அன்று. வேலை மிக விரைவாகக் கிடைத்துவிடுவதே சிக்கல். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் உதிரிபாகத் தொழிற்கூடங்களும் இருக்கின்றன. தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷலின் டயர் ஆலை இயங்குகிறது. ஆந்திர எல்லையைத் தாண்டினால் 2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரம். பதினெட்டு வயது நிரம்பாதோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தச் சட்டம் தடைவிதிப்பதால், பதினேழு வயதில் தேர்வெழுதி முடித்தவர் சில மாதங்கள் காத்திருந்து, வயது நிரம்பியதும் ஆதார் நகலுடன் ஒப்பந்தக்காரரிடம் போய் நிற்கிறார். பள்ளியில் ஆசிரியர் எடுத்துச் சொல்லும் படிப்புகளின் பட்டியலைவிட, பக்கத்து வீட்டு அண்ணன் நாள்தோறும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகும் காட்சியே இங்கு வலுவான வழிகாட்டலாக இருக்கிறது.

ஒருவர் தம் திறனையும் விருப்பத்தையும் அறிந்து, உலகில் உள்ள தொழில்களின் தேவைகளையும் ஊதியத்தையும் வாய்ப்புகளையும் தெரிந்துகொண்டு, இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவெடுக்கத் துணைநிற்பதே தொழில் வழிகாட்டல் எனப்படுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908இல் இதற்கென ஓர் அலுவலகத்தைத் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் வகுத்த இம்மூன்று கூறுகளே இன்றளவும் இத்துறையின் அடிப்படை. இந்தியாவில் இக்கருத்துக்கு அழுத்தம் கொடுத்தவர் ஒரு தமிழர்: சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டி அலுவலர்களும் தொழில்களைப் பற்றி எடுத்துரைக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருக்க வேண்டும் என்று 1953இல் பரிந்துரைத்தது.

அதே 1953இல்தான் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாதி நேரம் படித்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வழிசெய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தது; குலக்கல்வித் திட்டம் என்று கடுமையாக எதிர்க்கப்பட்ட அதனை 1954இல் முதல்வரான காமராஜர் கைவிட்டார். இன்று வழிகாட்டல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் இந்த நிகழ்வு, தமிழ்நாட்டின் மனநிலையைப் புரிந்துகொள்ளத் தேவையானது. 'உனக்குக் கைத்தொழில்தான் பொருந்தும்' என்று ஓர் ஏழைப் பிள்ளையிடம் சொல்லப்படும் அறிவுரை எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், அதில் சாதியின் பழைய கட்டளை ஒலிக்கிறதா என்று இங்குள்ள பெற்றோர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

அதனால் மாநிலத்தின் கவனம் நெடுங்காலமாகக் கல்லூரி வாசலைத் திறந்துவிடுவதிலேயே குவிந்தது. 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. 2010 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் நடைமுறைக்கு வந்தது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினரில் உயர்கல்வியில் சேர்ந்தோரைக் குறிக்கும் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4ஆக இருந்தபோது, தமிழ்நாட்டில் 47ஆக இருந்தது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டமும், அதன் பகுதியான 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும், பள்ளி முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடி அழைக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்களும் பள்ளிக்குள்ளேயே வழிகாட்டலைக் கொண்டுவந்துள்ளன. ஆயினும் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றும் ஆசிரியரே வழிகாட்டியாகவும் இருக்கிறார். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அந்த அளவுகோல் இங்கு பேச்சுக்குக்கூட எடுக்கப்படுவதில்லை.

இத்திட்டங்கள் பெரும்பாலும் 'எந்தக் கல்லூரி' என்ற வினாவுக்கு விடை தருகின்றன. கும்மிடிப்பூண்டிப் பகுதியிலோ, 'கல்லூரியா, கம்பெனியா' என்பதே வீட்டில் எழும் வினா. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022 முதல் 'புதுமைப் பெண்' திட்டமும், ஆண்களுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குவது பேருந்துச் செலவையும் புத்தகச் செலவையும் தாங்கும். ஆலைச் சம்பளத்துக்கு அது ஈடாகாது. கடன் அடைக்க வேண்டிய குடும்பத்திடம் வேலைக்குப் போகாதே என்று மட்டும் சொல்லும் வழிகாட்டல் பயனற்றது. எந்த வேலை மேலே ஏறும் படியை விட்டுவைக்கிறது, எது வெட்டிவிடுகிறது என்று பிரித்துக் காட்டுவதே இங்கு தேவைப்படும் அறிவு.

ஒரே ஆலையின் ஒரே கூடத்தில் அருகருகே நிற்கும் இரு இளைஞர்களின் நிலை முற்றிலும் வேறாக இருக்கக்கூடும். ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளர்: அவரை அனுப்பியவர் ஒப்பந்தக்காரர், ஒப்பந்தம் முடிந்தால் வேறு வாசல்; எத்தனை ஆண்டுகள் இயந்திரத்தை இயக்கினாலும் கையில் சான்றிதழ் ஏதும் சேராது. மற்றவர் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பதிவானவர், அதாவது அப்ரண்டிஸ்: அவருக்கு உதவித்தொகை சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம், வருங்கால வைப்புநிதியும் (பிஎஃப்) கிடையாது, ஆனால் பயிற்சி முடிவில் தேர்வெழுதிப் பெறும் தேசியச் சான்றிதழ் நாடெங்கும் செல்லும். சட்டப்படி பதிவு செய்யாமல் 'டிரெயினி' என்ற பெயரில் மட்டும் வேலை வாங்கப்படும் மூன்றாவது வகையினரும் உண்டு. அவர்களுக்கு முன்னவரின் பிஎஃப் கணக்கும் இல்லை, பின்னவரின் சான்றிதழும் இல்லை. பணி ஆணை, பிஎஃப் எண், இஎஸ்ஐ அட்டை, பயிற்சியெனில் அதன் பதிவு ஆகியவற்றைக் கேட்டு வாங்கப் பழக்குவது பிளஸ் டூ வகுப்பறையில் ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய பாடம். அதற்குப் பாடவேளை ஒதுக்கப்படுவது அரிது.

ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம் கல்லூரி, கம்பெனி என்ற இரு உலகங்களுக்கும் நடுவே நிற்கிறது. டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் பணியைத் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது. பத்தாம் வகுப்புக்குப் பின் ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற ஈராண்டுப் பிரிவுகளைப் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தபின் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். மொழித் தேர்வுகளை எழுதிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதியும் பெறலாம். ஐடிஐ போனால் அத்தோடு படிப்பு முடிந்தது என்ற எண்ணம் ஊர்களில் இன்னும் நீடிப்பதற்கு, இந்த ஏணி இருப்பதையே யாரும் சொல்லாததுதான் முதன்மைக் காரணம்.

வாய்ப்புகள் அருகிலும் உள்ளன: பொன்னேரியில் 1965 முதல் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி இயங்குகிறது; அதே ஊரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் உள்ளது. பழவேற்காடு ஏரியில் வலை வீசும் குடும்பத்துப் பிள்ளை, மீன்வளம் ஒரு பட்டப்படிப்பு என்பதை அறியாமலே ஆலைக்குப் போவது, தொலைவினால் நேரும் இழப்பு ஆகாது.

இந்தப் படிப்புகளில் எதுவும் சான்றிதழின்றி நடவாது என்பது தனிச் சிக்கல். இம்மாவட்டத்தில் செங்கல் சூளைகளையும் வயல்களையும் அண்டி வாழும் இருளர் குடும்பங்களுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் பெறுவது நீண்ட போராட்டம். அச்சான்றைத் தாசில்தார் வழங்க இயலாது, கோட்டாட்சியர் நிலையில் விசாரித்தே வழங்க வேண்டும். மே மாதம் தேர்வு முடிவு வந்தபின் விண்ணப்பிக்கும் மாணவர், சான்று கைக்கு வருமுன் சேர்க்கையே முடிந்துபோவதைக் காண நேரிடும். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் பிள்ளைகளோ பட்டம் பெற்ற பின்னும் இந்தியக் குடியுரிமை இன்மையால் அரசுப் பணித் தேர்வுகளை எழுத இயலாது, இந்தியக் கடவுச்சீட்டும் பெற இயலாது. அவர்களிடம் டிஎன்பிஎஸ்சி பற்றி விளக்குவதில் பொருளில்லை.

பத்தாம் வகுப்பிலேயே பிளஸ் ஒன் பாடப்பிரிவு தீர்மானமாகி, கணக்குப் பிரிவா, தொழிற்கல்விப் பிரிவா என்பதிலேயே பாதி வழிகள் அடைபட்டுவிடுவதால், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைச் சேர்ப்பதும் பெற்றோரோடு பேசுவதும் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கப்பட வேண்டும். 2022இல் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையாக இருப்பதால், அதற்கான மேடை ஏற்கெனவே உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியவரையோ இந்த ஏற்பாடுகளில் எதுவும் எளிதில் எட்டுவதில்லை: முடிவு வந்த நாளோடு அவர் பள்ளிக்கு வருவது நின்றுவிடுகிறது, துணைத் தேர்வோ ஒரு சில வாரங்களில் வந்து போய்விடுகிறது, ஒப்பந்தக்காரர் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதும் இல்லை.