குடியும் குடித்தனமும்... ஜார்ஜியாவில் மூணு நாள்!

'ஒயின் பண்ணையில போய்த் தங்கிட்டு வந்தேன்'னு சொன்ன அன்னிலேருந்து கிளாஸ்ல என் பேரே மாறிப் போச்சு. "வாங்க திராட்சை ரசம்!"னுதான் கூப்பிடுறாங்க. நீங்களாவது முழுசா கேளுங்க பாஸ்... அந்த மூணு நாளும் நான் குடிச்சது வெறும் திராட்சை ஜூஸ். ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல ஊரைப் பத்தி. இது அமெரிக்காவில இருக்கிற ஜார்ஜியா மாநிலம் இல்லை. கருங்கடலுக்குக் கிழக்கே, ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் நடுவுல இருக்கிற குட்டி நாடு. 1991 வரைக்கும் சோவியத் யூனியனுக்குள்ள இருந்தது. தலைநகர் திபிலிசி. நம்ம பசங்க நிறைய பேர் மெடிசின் படிக்கப் போறாங்களே, அதே ஊர்தான். என் பெரியம்மா பொண்ணும் அங்கேதான் நாலாவது வருஷம் படிக்கிறாங்க. ஆயுத பூஜை லீவோட நாலு நாள் அட்டெண்டன்ஸையும் சேர்த்துக் காவு கொடுத்துட்டு, சார்ஜா வழியா போய் இறங்கினேன். "டேய், சரியான நேரத்துல வந்திருக்கே. ஊரே 'ர்த்வேலி'யில இருக்கு"ன்னாங்க அக்கா.

ர்த்வேலின்னா திராட்சை அறுவடை. காலண்டர்ல தேதி குறிச்ச பண்டிகை இல்லை. பழம் எப்போ பழுக்குதோ, அப்போதான் திருவிழா!

பந்தல் போட்ட வீடு

திபிலிசியிலேருந்து ஷேர் டாக்ஸி. கோம்போரி மலைப்பாதையில ரெண்டு மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு ஏறி இறங்கினா தெலாவி. கீழே அலசானி ஆத்துச் சமவெளி. அதுக்கு அந்தப் பக்கம் உச்சியில பனியோட காகசஸ் மலை. நடுவுல எங்கே பார்த்தாலும் திராட்சைக் கொடி. இந்தக் 'ககேதி' பகுதிதான் ஜார்ஜியாவோட ஒயின் களஞ்சியம். தஞ்சாவூருக்கு நெல் மாதிரி!

எஸ்டேட்னு சொன்னதும் நான் சினிமா பங்களா ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணி வெச்சிருந்தேன். ஆனா, போய் நின்னது ஒரு சாதாரண மாடி வீடு. முற்றத்துல திராட்சைப் பந்தல், பின்னாடி ஒண்ணரை ஹெக்டேர் தோட்டம். நம்ம கணக்குல நாலு ஏக்கர்கூட இல்லை. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், ரெண்டு வாண்டுகள். மாடியில மூணு ரூம் விருந்தாளிகளுக்கு. 'கமர்ஜோபா'ன்னு வணக்கம் சொன்னோம். அந்த வார்த்தைக்குள்ள 'வெற்றி'ங்கிற அர்த்தம் இருக்காம். அரியர் வெச்சிருக்கிற என்னைப் பார்த்து வீட்டுல எல்லாருமா வெற்றி வெற்றின்னு சொன்னது மனசுக்கு இதமா இருந்துச்சு!

மறுநாள் காலையில பனி விலகுறதுக்குள்ள கையில ஒரு கத்தரியும் வாளியும் கொடுத்துட்டாங்க. ஒரு வரிசையில 'ர்கட்ஸிதெலி'. வெள்ளைத் திராட்சை. அடுத்த வரிசையில 'சபெராவி', கறுப்பு. சாதாரணமா கறுப்புத் திராட்சையை உரிச்சா உள்ளே சதை வெளுப்பாத்தானே இருக்கும்? சபெராவிக்குச் சதையும் சிவப்பு. பேருக்கு அர்த்தமே சாயம்னுதான் சொல்றாங்க. ரெண்டு மணி நேரத்துல என் பத்து விரலும் ஓட்டுப் போட்ட விரல் மாதிரி ஆயிடுச்சு. ஜார்ஜியாவுக்குன்னே உள்ள திராட்சை ரகங்கள் 500-க்கும் மேல. நாம 'பன்னீர்', 'சீட்லெஸ்' ரெண்டைச் சொல்லிட்டு மூணாவதுக்கு முழிப்போம்!

மண்ணுக்குள்ள ஒரு மெஷின்

அறுத்த பழத்தை நசுக்கி எடுத்துக்கிட்டுப் போற இடம், 'மரானி'. ஒயின் அறைன்னு சொல்றாங்க, உள்ளே போனா பீப்பாயும் இல்லை, டேங்கும் இல்லை. வெறும் மண் தரையில ஆறு வட்ட ஓட்டை. எட்டிப் பார்த்தா, ஒவ்வொண்ணும் கழுத்து வரைக்கும் புதைச்ச ராட்சசப் பானை! பேரு 'க்வெவ்ரி'. ஆதிச்சநல்லூர் தாழியை மியூசியத்துல பார்த்திருந்தீங்கன்னா, கிட்டத்தட்ட அந்த உருவம். மேலே அகலம், கீழே கூம்பு.

மெக்கானிக்கல் படிக்கிறவன் சும்மா இருப்பேனா? 'ஏன் புதைக்கணும், ஏன் அடி கூரா இருக்கணும்?'னு மகன்கிட்ட கேட்டுத் துளைச்சுட்டேன்.

சாறு, தோல், விதை, காம்பு எல்லாத்தையும் ஒண்ணாப் பானையில கொட்டுறாங்க. பழத்தோலோட வர்ற ஈஸ்ட்டே சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்துது. அப்போ சூடு கிளம்பும். சூடு ஏறிட்டா ஈஸ்ட் செத்துடும். பானையைச் சுத்தி இருக்கிற மண்ணு அந்தச் சூட்டை உறிஞ்சிக்குது. அதாவது கரன்ட் பில் இல்லாத கூலிங் சிஸ்டம்! மேலே மிதந்து வர்ற தோலைத் தினமும் பல தடவை நீளக் கட்டையால உள்ளே அமுக்கி விடணும். கொதிப்பு அடங்கினதும் விதைகள் கூர் அடியில போய் உட்காரும், வண்டல் அதை மூடிடும். அதனால விதையோட கசப்பு சாறுல அதிகம் இறங்காது. பிறகு மூடி போட்டு, மண் பூசி, வசந்த காலம் வரைக்கும் தொடக்கூடாது. திறக்கும்போது வெள்ளைத் திராட்சை ஒயின் வெள்ளையா இருக்காது. தேன் கலர்ல இருக்கும்!

பானை கசியாம இருக்க உள்பக்கம் தேன்மெழுகு பூசுறாங்க. சுத்தம் பண்ண ஆளே உள்ளே இறங்கித் தேய்க்கணும். செர்ரி மரப்பட்டையில செஞ்ச பிரஷ் வெச்சிருக்காங்க. இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. நொதிக்கும்போது வர்ற கார்பன்-டை-ஆக்ஸைடு காத்தைவிடக் கனம். பள்ளத்துல தேங்கி நிக்கும், மூச்சுத் திணறி ஆளையே கொன்னுடும். அதனால முதல்ல விளக்கை இறக்கிப் பார்ப்பாங்களாம். நம்ம ஊர்ல கிணறு தூர் வாரப் போறவங்க செய்யறதும் இதேதான்.

இது எவ்வளவு பழசு? திபிலிசிக்குத் தெற்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளை ஆராய்ஞ்சு, 2017-ல ஒரு முடிவு வெளியிட்டாங்க. கி.மு. 6000 வாக்கிலேயே அங்கே திராட்சை ஒயின் செஞ்சிருக்காங்க! க்வெவ்ரியில ஒயின் செய்யுற முறையை யுனெஸ்கோ 2013-ல மனிதகுலத்தோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு.

ஒரே கம்பெனியை நம்பினா...

எட்டாயிரம் வருஷத்துப் பெருமை இருந்தாலும் இந்தத் தொழில் ரெண்டு தடவை தரை தட்டியிருக்கு. தாத்தா சொல்ல, மகன் இங்கிலீஷ்ல சொல்ல, நான் தமிழ்ல எழுதிக்கிட்டேன்.

முதல் அடி 1985-ல. கோர்பசேவ் கொண்டுவந்த மதுவிலக்குப் பிரசாரத்துல ஏகப்பட்ட திராட்சைத் தோட்டங்களை அழிச்சாங்க. ரெண்டாவது அடி 2006-ல. ஜார்ஜியா ஒயின்ல பெரும்பகுதியை வாங்கிக்கிட்டு இருந்த ரஷ்யா, 'தரம் சரியில்லை'ன்னு சொல்லித் திடீர்னு இறக்குமதியை நிறுத்திடுச்சு. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அரசியல் உரசல் முத்திக்கிட்டிருந்த நேரம் அது.

"அந்த வருஷம் ஃபேக்டரி லாரி வரவே இல்லை. பழம் கொடியிலேயே காய்ஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரர் கொடியைப் பிடுங்கிட்டுத் தர்பூசணி போட்டார். நானும் கடப்பாரையை எடுத்துட்டேன், இவ பாட்டிதான் குறுக்கே வந்து நின்னா"ன்னார் தாத்தா, பேத்தி தலையைத் தடவிக்கிட்டே.

அவங்களைக் காப்பாத்தினது அந்த ஆறு பானைதான். வீட்டுத் தேவைக்குன்னு செஞ்சுக்கிட்டு இருந்த ஒயினை, திபிலிசியில வேலை பார்த்த மகன் திரும்பி வந்து பாட்டில்ல அடைச்சு, சொந்த லேபிள் ஒட்டினார். மாடி ரூமை வாடகைக்கு விட்டார். 2013-ல ரஷ்யா கதவைத் திறந்துச்சு. மறுபடி அதுவே பெரிய கஸ்டமரும் ஆயிடுச்சு. ஆனா, இந்த வீடு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கலை. "கொஞ்சமா செய்வோம், வர்றவங்களுக்கு விப்போம். ஒரே ஆளை நம்பினா என்ன ஆகும்னு பார்த்துட்டோமே"ன்னார் மகன். கேம்பஸ் இன்டர்வியூவுல ஒரே கம்பெனி மேல கண்ணை வெச்சிருக்கிற மக்களே, நோட் பண்ணிக்கோங்க!

தங்கப் போறீங்களா?

* அறுவடை பார்க்கணும்னா செப்டம்பர் கடைசியிலேருந்து அக்டோபருக்குள்ள போங்க. காலையில குளிரும், ஸ்வெட்டர் மஸ்ட்.

* சைவமா? பயமே வேண்டாம். சீஸ் வெச்ச ரொட்டி 'கச்சாபுரி', பீன்ஸ் மசியல் 'லோபியோ', வால்நட் விழுது தடவின கத்தரிக்காய்... புகுந்து விளையாடலாம்.

* 'சாச்சா'ன்னு யாராவது நீட்டினா, சித்தப்பான்னு நினைச்சு ஏமாறாதீங்க! ஒயின் எடுத்த பிறகு மிஞ்சுற சக்கையைக் காய்ச்சி வடிக்கிற சாராயம் அது.

* 'வேண்டாம்'னு தாராளமா சொல்லலாம். கூடவே 'மத்லோபா'ன்னு நன்றியும் சொல்லிடுங்க.

அந்த ராத்திரி

கடைசி ராத்திரி பெரிய மேஜை போட்டாங்க. இந்த விருந்துக்குப் பேரு 'சுப்ரா'. இதுல யாரும் இஷ்டத்துக்குக் கிளாஸைக் கவுத்துட முடியாது. 'தமதா'ன்னு ஒருத்தர் தலைமை. அவர் எழுந்து ஒரு விஷயத்தைப் பத்திப் பேசணும். மத்தவங்க கேக்கணும். அப்புறம்தான் குடிக்கணும். அன்னிக்குத் தாத்தாதான் தமதா. சமாதானம், தாய்நாடு, விருந்தாளின்னு வரிசையாப் போச்சு. என் கிளாஸ்ல மட்டும் அன்னிக்குப் பிழிஞ்ச சாறு. "அதுவும் இதுவும் ஒண்ணுதான். உன்னோடதுக்கு இன்னும் ஆறு மாசம் வயசாகலை, அவ்வளவுதான்"னு பாட்டி சிரிச்சாங்க.

தாத்தா மட்டும் கேட்டார், "ஏன் குடிக்க மாட்டே?"

நான் சும்மா 'பிடிக்காது'ன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். என்னவோ தோணுச்சு, உண்மையைச் சொன்னேன். எங்க தாய்மாமா குடிச்சே போயிட்டார். முதல்ல பைக் போச்சு, அப்புறம் அத்தை நகை போச்சு, நாற்பத்தி ரெண்டு வயசுல அவரே போயிட்டார். 'குடி குடியைக் கெடுக்கும்'னு எங்க ஊர்ல முன்னே பாட்டில்லயே எழுதியிருந்துச்சு, அதைப் படிச்சுக்கிட்டேதான் குடிச்சாங்கன்னு சொன்னேன். அக்கா மெதுவா மொழிபெயர்த்தாங்க. மேஜை அமைதியாயிடுச்சு.

தாத்தா எழுந்தார். இறந்தவங்களுக்காக ஒரு வாழ்த்து சொல்றது சுப்ராவோட மரபு. தன் அப்பா, அம்மா பேரைச் சொன்னார். கடைசியா என் பக்கம் திரும்பி, "உன் மாமா பேர் என்ன?"ன்னார். சொன்னேன். தப்புத் தப்பான உச்சரிப்புல அந்தப் பேரைச் சொல்லிக் கிளாஸை உயர்த்தினார். எங்க வீட்டுல மாமா பேரைச் சொல்லி நாலு வருஷம் ஆச்சு. சொன்னா அம்மா அழுவாங்கன்னு யாரும் சொல்றதில்லை.

மாடிக்கு வந்ததும் அக்காகிட்ட கேட்டேன். "இவங்க மாதிரி மேஜையில உட்கார்ந்து, பேசிப் பேசிக் குடிச்சா ஒண்ணும் ஆகாதோ?" அக்கா முறைச்சாங்க. "என் வார்டுக்கு வந்து பாருடா. லிவர் எந்த ஊர்லயும் லிவர்தான்."

ரெண்டும் உண்மைதான். அந்தக் குடித்தனத்தைத் திராட்சைதான் தாங்கிப் பிடிச்சிருக்கு. எங்க மாமா குடித்தனம் குடியில போச்சு. இதை வெச்சு அதை அழிச்சு எழுத எனக்குத் தெரியலை.

கிளம்பும்போது பாட்டி ஒரு பொட்டலம் கொடுத்தாங்க. 'சுர்ச்கேலா'. வால்நட்டை நூல்ல கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சின திராட்சைச் சாறுல முக்கி முக்கி எடுத்துக் காய வெச்சது. பார்க்க மெழுகுவத்தி மாதிரி இருக்கும். ஊருக்கு வந்ததும் நேரா அத்தை வீட்டுக்குப் போனேன். ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டு, "நல்லா இருக்கேடா, எதுல செஞ்சது?"ன்னாங்க.

"திராட்சையில அத்தை. மாமா பேரைச் சொல்லிக் கொடுத்தாங்க."

இன்னொரு துண்டு எடுத்துக்கிட்டாங்க. அப்புறம், ரொம்ப நாளைக்குப் பிறகு, மாமாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க.