எந்த நேரப்படி 3 மணி?

வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போதுதான் எம்மில் பலருக்கு நேரக் கணக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் ஏ9 வீதியில் ஒரே நாளில் இரண்டு நேரம் ஓடியதைக் கண்டவர்கள் யாழ்ப்பாண வியாபாரிகள்.

1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின்போது, அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அந்த ஒக்டோபரில் அரை மணி குறைத்தது. மீதி அரை மணி 2006 ஏப்ரல் வரை நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ பழைய நேரத்தை விடவில்லை. யாழ்ப்பாணத்தில் 10 மணி என்றால் கிளிநொச்சியில் 9.30.

2003 இல் கிளிநொச்சியில் தக்காளி ஏற்றினேன். "3 மணிக்கு வெளிக்கிட்டால் காணும் நானா" என்றார் தரகர். அவர் சொன்னது வன்னி நேரம். முகமாலைச் சாவடி மூடுவதோ கொழும்பு நேரத்துக்கு. போய்ச் சேர்ந்தபோது பாதை மூடியாகிவிட்டது. இரவு லொறியிலேயே கழிந்தது. காலையில் அடிப்பெட்டிகளிலிருந்து சாறு வடிந்துகொண்டிருந்தது. தரகரில் பிழையில்லை, எந்த நேரப்படி என்று கேட்காதது நான்தான்.

கணக்கு சுலபம். பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுகிறது. மணிக்கு 15 பாகை. கிறீன்விச்சுக்குக் கிழக்கே 82½ பாகையை வைத்து எமக்கு ஐந்தரை மணி. யாழ்ப்பாணம் இருப்பதோ ஏறக்குறைய 80 பாகையில். அதனால்தான் இங்கே சூரியன் உச்சி சாய்வது சராசரியாக 12.10 அளவில். கடிகாரம் அரை மணி கூடியிருந்த காலத்தில் அது 12.40. லுஹருடைய வக்து மாறவில்லை, சுவர் மணிக்கூடுதான் மாறியது.

துபாய் எமக்கு ஒன்றரை மணி பின்னால், சவூதி இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூரும் சீனாவும் இரண்டரை மணி முன்னால். இவை வருடம் முழுக்க மாறாது. 2022 முதல் துபாய் அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள். சவூதியில் வெள்ளி, சனி விடுமுறை.

தலையிடி லண்டனும் ரொறன்ரோவும்தான். லண்டன் கோடையில் நாலரை மணி பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். ரொறன்ரோ ஒன்பதரை, பத்தரை. அங்கே மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடையிலுள்ள வாரங்களில் பழைய கணக்கை நம்பினால் ஒரு மணி பிசகும்.

நாளும் பிசகும். கோடையில் ரொறன்ரோவில் வெள்ளி இரவு 8 மணி என்றால் எமக்கு சனி காலை 5.30. கல்யாண வீட்டுச் சாமானுக்கு அங்கிருந்து ஓடர் வந்தால், "வெள்ளிக்கிழமை" என்பது யாருடைய வெள்ளி என்று கேட்டு, ஊர்ப் பெயரையும் சேர்த்தே கொப்பியில் எழுதுகிறேன்.