அப்பாவுக்குப் பழகிய காற்று பிள்ளைக்கு ஆகுமா?

ஒசூரைக் கடந்து கர்நாடக எல்லைக்குள் நுழைந்தவுடன் வரும் ஊர் அத்திப்பள்ளி. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அங்கே ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றி எரிந்தன. 14 பேருக்கு மேல் உயிரிழந்தனர். தீபாவளி நேரத்து வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சென்றிருந்த இளைஞர்களே அவர்களில் மிகுதி. படிப்பின் நடுவே நாலு காசு சம்பாதிக்கப் போன மாணவர்களும் அவர்களுள் இருந்தனர்.

தீ கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. அது நிகழ்ந்த அன்றே ஊர் கூடுகிறது, செய்தி பரவுகிறது. ஆனால் ஓசையின்றி உடலுக்குள் புகுந்து, 10, 20 ஆண்டுகள் கழித்து வெளிப்படும் ஆபத்துகளும் உண்டு. அவற்றுக்கு யாரும் கூடுவதில்லை. அவை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய தொழில்களிலேயே ஒளிந்திருக்கின்றன.

அதே எல்லைப் பகுதியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள போச்சம்பள்ளி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். இன்று சிப்காட் தொழிற்பேட்டையும் வந்துவிட்டது. மாவட்டம் முழுவதும் மாந்தோப்புகள், கிரானைட் குவாரிகள், கல் அறுக்கும் பட்டறைகள். சாலையோரங்களில் வெல்டிங் பட்டறை, ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை, பழைய பேட்டரி வாங்கும் கடை. இவற்றில் பல, குடும்பமே சேர்ந்து நடத்துபவை. பள்ளி விட்டு வந்த பையன் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். தோப்பில் மருந்தடிக்கும்போது ஓஸ் இழுத்துக் கொடுப்பான். இதை யாரும் 'வேலை' என்று சொல்வதில்லை. 'கூடமாட ஒத்தாசை' என்பார்கள்.

"நான் இருபது வருஷமாக இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே! பிள்ளை அரைமணி நேரம் நின்றால் என்ன?" என்று தந்தை கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு அறிவியல் என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

மாங்காயும் மாவடுவும்

ஒரு பெரிய மாங்காயையும் ஒரு மாவடுவையும் தோல் சீவிப் பாருங்கள். மாவடுவில் சதையோடு ஒப்பிட்டால் தோல்தான் அதிகம். இது மாங்காய்க்கு மட்டும் உரிய விதி அன்று. எந்தப் பொருளும் சிறிதாகச் சிறிதாக, அதன் பருமனோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகும்.

மனித உடலும் இதற்கு விலக்கல்ல. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் தோல் பரப்பு ஏறத்தாழ 1.65 சதுர மீட்டர். அதாவது ஒரு கிலோ எடைக்குச் சுமார் 275 சதுர சென்டிமீட்டர். 25 கிலோ எடையுள்ள சிறுவனுக்கோ ஒரு கிலோவுக்குச் சுமார் 370 சதுர சென்டிமீட்டர். அப்பாவைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம்! தெளிக்கும் மருந்து இருவர் மேலும் ஒரே அளவாகப் படிந்தாலும், எடைக்குத் தக்கபடி பார்த்தால் சிறுவனின் உடலுக்குள் புகுவது அதிகம்.

பயிர்களுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்பது ஒரு வகை. இதை உள்ளே செலுத்த ஊசி தேவையில்லை. தோல் வழியாகவே ஊடுருவும். நம் நரம்புகள் தசைக்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கின்றன. செய்தி போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் இந்த நொதியை முடக்குகிறது. விளைவு? அழைப்பு மணி அடித்தது அடித்தபடியே இருக்கும். எச்சில் ஊறும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சுத் திணறும். பூச்சியைக் கொல்லும் வழியும் இதுவே. பூச்சியின் நரம்புக்கும் நம் நரம்புக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றுதான்.

எத்தனை மூச்சு?

இப்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று எண்ணுங்கள். பிறகு ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு எண்ணுங்கள். பெரியவருக்குச் சுமார் 15 என்றால், குழந்தைக்கு 20 இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிலோ எடைக்குச் சுமார் 7 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது. இது இருவருக்கும் பொது. ஆகவே பெரியவரின் உடலில் ஒரு கிலோவுக்கு நிமிடத்திற்கு 105 மில்லிலிட்டர். குழந்தைக்கு 140 மில்லிலிட்டர். இங்கும் மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஓடியாடினால் இன்னும் கூடும்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. பெட்ரோல், தின்னர் ஆகியவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். நின்று வேலை செய்யும் தந்தையின் மூக்கைவிடக் குந்தியிருக்கும் மகனின் மூக்கு அந்த ஆவிக்கு அருகில் இருக்கிறது.

சுண்ணாம்பு என்று ஏமாறும் உடல்

பழைய பேட்டரியை உடைத்தால் கிடைப்பது காரீயம். நல்ல விலை போகும். ஆனால் காரீயத் தூளும் அதை உருக்கும்போது எழும் புகையும் கொடிய நஞ்சு. வளரும் குழந்தையின் எலும்புக்குக் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, நிறைய வேண்டும். குடலுக்குக் காரீயத்தையும் கால்சியத்தையும் பிரித்தறியத் தெரியாது. வாய் வழியே போன காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல் 4 முதல் 5 மடங்கு வரை சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சத்துக் குறைவும் இரத்த சோகையும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரத்தத்தில் புகுந்த காரீயம் மூளையின் வளர்ச்சியைத் தாக்குகிறது. கவனமும் கற்கும் திறனும் குறைகின்றன. பிறகு அது எலும்பில் தங்கிப் பல பத்தாண்டுகள் இருக்கிறது. 'இந்த அளவு வரை பாதுகாப்பு' என்று சொல்ல ஓர் எல்லையே இதுவரை கண்டறியப்படவில்லை.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை அடுத்த தியாரோய் என்ற கடலோரப் பகுதியில் பழைய பேட்டரித் தொழில் நடந்து வந்தது. அங்கே மண்ணில் கலந்து கிடந்த காரீயத் துணுக்குகளைச் சலித்தெடுத்து விற்பதைக் குடும்பங்கள் ஒரு பிழைப்பாகக் கொண்டிருந்தன. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான சில மாதங்களில் 18 குழந்தைகள் இறந்தனர். காரணம் காரீய நஞ்சு என்று பின்னர் கண்டறியப்பட்டது. அந்தக் குழந்தைகள் கூலிக்குப் போனவர்கள் அல்லர். தாயின் அருகே விளையாடியவர்கள். தூசி படிந்த வீட்டில் உறங்கியவர்கள். பட்டறைச் சட்டையோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கும் தந்தை, தம்மை அறியாமலே நஞ்சையும் கொண்டு வருகிறார்.

லண்டன் சிறுவர்கள் கற்றுத் தந்த பாடம்

18ஆம் நூற்றாண்டு லண்டனில் வீட்டுப் புகைபோக்கிகளில் படியும் கரியைச் சுரண்ட, ஐந்தாறு வயதுச் சிறுவர்களை உள்ளே ஏறவிட்டனர். குறுகிய துளைக்குள் சிறிய உடல்தானே நுழையும்! தொழில் நடத்துவோர் சிலர் தம் சொந்தப் பிள்ளைகளையே இதற்குப் பயன்படுத்தினர். 1775ஆம் ஆண்டு பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டு எழுதினார். இத்தொழிலில் இருந்தவர்களுக்கு விதைப்பையின் தோலில் ஒருவகைப் புற்றுநோய் வருகிறது. தோலின் மடிப்புகளில் தங்கும் கரியே அதற்குக் காரணம் என்றார். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவ உலகம் அறிந்தது அப்போதுதான். கரியில் உள்ள பென்சோபைரீன் போன்ற வேதிப்பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குவதை 1930களில்தான் வேதியியலார் பிரித்தெடுத்துக் காட்டினர்.

இதில் கவனிக்க வேண்டியது காலம். சிறுவயதில் ஒட்டிய கரி. நோய் வெளிப்பட்டதோ பெரும்பாலும் வளர்ந்து ஆளான பிறகு. 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்ற சொல்லுக்கு விடை இங்கே இருக்கிறது. 'இன்னும் ஆகவில்லை' என்பதே அதன் சரியான பொருள்.

கல் தூசியின் கதையும் இதுவே. கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற சிலிகாக் கனிமம் உண்டு. கல்லை அறுக்கும்போது எழும் தூசியில் 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் இருக்கின்றன. தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரான் என்றால் இவற்றின் நுண்மையை எண்ணிப் பாருங்கள். முகத்தில் கட்டும் துண்டின் இழை இடைவெளி இவற்றுக்கு அகன்ற வாசல்! இவை நுரையீரலின் காற்று நுண்ணறை வரை சென்றுவிடும். அங்குள்ள காவல் செல்கள் அவற்றை விழுங்கும். விழுங்கிய செல் மடியும். மடிந்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு கூடக்கூட நுரையீரல் விரியும் தன்மையை இழக்கும். சிலிகோசிஸ் எனும் இந்நோயை முற்றும் குணமாக்க மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றும். பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் தூசியில் இருந்தவர்களுக்கு இது வருகிறது. 30 வயதில் தொடங்கியவருக்கு 45இல் வரக்கூடியது, 12 வயதில் தொடங்கியவனுக்குக் குடும்பம் தாங்கவேண்டிய இளமையிலேயே வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது; 2016இல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்பது இன்றைய விதி. பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவ விலக்கு உண்டு. ஆனால் 'குடும்பத் தொழில்' என்ற சொல் எல்லாவற்றையும் மூடும் போர்வை அன்று. சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள்கள், ஆபத்தானவை எனப் பட்டியலிட்ட செயல்முறைகள் ஆகியவற்றில் சொந்தத் தந்தைக்கும் பிள்ளை உதவக் கூடாது. 14 முதல் 18 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரையும் இத்தகைய ஆபத்தான வேலைகளில் அமர்த்துவது குற்றம். உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

தொழில் கைக்கு வர வேண்டாமா?

'அப்படியானால் பிள்ளை தொழிலை எப்போது கற்பான்?' என்ற கவலை புறந்தள்ளத் தக்கதன்று. கூலி ஆள் வைக்க இயலாத குடும்பத்துக்கு ஒரு கை குறைவது சுமைதான். ஆயினும் எந்தத் தொழிலிலும் நஞ்சுள்ள பகுதி ஒன்று, நஞ்சில்லாத பகுதி ஒன்று என இரண்டு உண்டு. மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது, பூக்கும் காலத்தைக் கணிப்பது, பழங்களைத் தரம் பிரிப்பது எல்லாம் பழகலாம். மருந்து கலக்குவதும் தெளிப்பதும், தெளித்த ஈரம் காயாத தோப்பில் நுழைவதும் கூடாது. பட்டறைக் கணக்கு எழுதலாம், அளவெடுக்கலாம், எஞ்சின் இயங்கும் விதத்தைப் படம் வரைந்து கற்கலாம். வெல்டிங் ஒளி, பேட்டரி அமிலம், கல் தூசி ஆகியவற்றின் அருகே நிற்கக் கூடாது.

பெரியவர்களுக்கும் அந்தக் காற்று நல்லதன்று என்பதை மறந்துவிட வேண்டாம். கல்லை நீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். வேலை உடையைப் பட்டறையிலேயே மாற்றிக் குளித்துவிட்டு வீடு திரும்பினால் தூசி வாசலோடு நிற்கும். மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் வைக்கப் பயன்படுத்தவே கூடாது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவராகிய நீங்களும் ஒருவேளை அத்தகைய பட்டறையில் கைகொடுப்பவராக இருக்கலாம். அடுத்த முறை கூப்பிடும்போது மூன்று கேள்விகளை எழுப்பிப் பாருங்கள். இங்கே மூக்கில் புகுவது எது? தோலில் படிவது எது? வீட்டுக்குக் கூடவே வருவது எது? மூன்றில் ஒன்றுக்கேனும் புகை, தூசி, மருந்து, காரீயம் என்று விடை வந்தால், அங்கே உங்களுக்கு இடமில்லை. அதை அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். மூச்சை எண்ணிய கணக்கையும் போட்டுக் காட்டுங்கள்.